களர் மண்ணில் தென்னம்பிள்ளை: உப்பும் நுண்ணூட்டமும்

நட்டு இரண்டு வருடமான தென்னம்பிள்ளை மஞ்சளித்துப்போய், குருத்து விரியாமல் நின்றால், திருச்சிச் சீமையில் யாரைக் கேட்டாலும் வரும் முதல் யோசனை "நுண்ணூட்டம் போடுங்கள்" என்பதுதான். துத்தநாகம், இரும்பு, போரான் எல்லாம் கலந்த பொட்டலம் ஒன்று வட்டப்பாத்தியில் விழுகிறது. சில தோப்புகளில் பிள்ளை தேறுகிறது. சில தோப்புகளில் மூன்று பொட்டலம் போட்டும் அசைவதில்லை. ஒரே கலவை இப்படி இரண்டு விதமாக நடந்துகொள்வதன் காரணம் பொட்டலத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

உப்பு மண் இளம் கொட்டை மரங்களை எப்படித் தாக்குகிறது, நுண்ணூட்ட உரம் அந்தத் தாக்குதலை எவ்வளவு தூரம் தணிக்கும், எந்த இடத்தில் அது வீண் செலவாகிறது என்ற மூன்று கேள்விகளையும் இக்கட்டுரை சேர்த்துப் பார்க்கிறது. திருச்சி வட்டாரத்தில் கொட்டை மரம் என்றால் முதலில் தென்னை, அடுத்து முந்திரி. பிஸ்தா, பாதாம் பற்றி வெளிநாடுகளில் நடந்த ஆய்வுகளும் நமக்குப் பாடம் சொல்கின்றன.

ஒரே வட்டம், இரண்டு மண்

ஸ்ரீரங்கம் என்றதும் நினைவுக்கு வருவது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு. முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. 1830களில் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது அங்கேதான். பிரிந்த இரண்டு கிளைகளும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் தீவின் மண். மணல் கலந்தது, நீரை உள்ளே விடுவது, அடியில் நன்னீர் ஊறுவது. வாழையும் தென்னையும் வெற்றிலையும் அங்கே செழித்ததற்கு இந்த மூன்று குணங்களே காரணம். இப்படிப்பட்ட மண்ணில் உப்பு சேர்ந்தாலும் தங்குவதில்லை.

ஆனால் வருவாய்க் கணக்கில் ஸ்ரீரங்கம் வட்டம் தீவோடு முடிவதில்லை. காவிரியின் தென்கரையைத் தாண்டி மணிகண்டம் பக்கம் வரை நீள்கிறது. அந்தப் பக்கத்து நாவலூர் குட்டப்பட்டில்தான் 1989ல் வேளாண்மைக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது. இன்று அது அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையம். அதன் வளாக நிலமே களர் நிலம். உப்பால் கெட்ட மண்ணையும் உவர் நீரையும் ஆராயும் அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டத்தின் திருச்சி மையம் அங்கே இயங்குகிறது. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 முதலிய நெல் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. கெட்ட மண்ணிலேயே உட்கார்ந்து கெட்ட மண்ணை ஆராயும் வாய்ப்பு எல்லாக் கல்லூரிக்கும் அமைவதில்லை.

ஆக, தீவின் தோப்பில் பலித்த வைத்தியத்தை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் சம்பந்தியின் தோப்புக்குச் சொல்வதில் ஆபத்து இருக்கிறது. இரண்டும் ஸ்ரீரங்கம் வட்டம்தான். மண் மட்டும் ஒன்றல்ல.

உவரும் களரும்

உப்பு மண் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு நோய்கள் அடக்கம். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அதிகம். காய்ந்ததும் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவாகவே இருக்கலாம், ஆனால் களித் துகள்களில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கும், காரத்தன்மை ஏறியிருக்கும். அமெரிக்காவின் ரிவர்சைடு உப்பு மண் ஆய்வகம் 1954ல் வெளியிட்ட கையேட்டின் எல்லைக்கோடுகளையே உலகம் இன்றும் பின்பற்றுகிறது. மண் சாற்றின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனுக்கு மேல் இருந்து, கார அமில நிலை 8.5க்குக் கீழே நின்றால் உவர். மின்கடத்தும் திறன் 4க்குக் கீழே, கார அமில நிலை 8.5க்கு மேல், களித் துகள்களில் ஒட்டிய மாற்றுச் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல் என்றால் களர். மின்கடத்தும் திறன் 4ஐயும் மாற்றுச் சோடியம் 15 விழுக்காட்டையும் சேர்ந்தே தாண்டினால் உவர்களர்.

இந்தியாவில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் என்பது கர்னாலில் உள்ள மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம் தரும் கணக்கு. அதில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர். இதைப் பிரித்துப் பார்த்தால் சுமார் 3.55 லட்சம் ஹெக்டேர் களர். உவர் வெறும் 13 ஆயிரம் ஹெக்டேர்தான். கடலோர மாநிலம் என்பதால் நம் பிரச்சினை கடல் உப்பு என்று நினைக்கத் தோன்றும். புள்ளிவிவரம் வேறு திசையைக் காட்டுகிறது. தமிழ்நாட்டின் உப்பு மண் பிரச்சினை பெரும்பாலும் உள்நாட்டுக் களர்ப் பிரச்சினை.

இரண்டும் மரத்தைக் கொல்லும் வழி வேறு. உவரில், மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது. உப்புக் கரைசல் நீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கூடவே சோடியமும் குளோரைடும் இலைக்கு ஏறி ஓரத்தைக் கருக்குகின்றன. களரில் சோடியம் களித் துகள்களை உதிர்த்துச் சேறாக்குகிறது. மண்ணின் துளைகள் அடைபடுகின்றன. மழை பெய்தால் நீர் மேலே நிற்கும், காய்ந்தால் நிலம் பாறையாக இறுகும். வேருக்குக் காற்று இல்லை. இந்த மூச்சுத்திணறலோடு, ஏறிய காரத்தன்மை இரும்பையும் துத்தநாகத்தையும் மாங்கனீசையும் கரையாத வடிவத்தில் பூட்டிவிடுகிறது. நுண்ணூட்டக் குறை என்று நாம் இலையில் பார்ப்பது இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

தென்னைக்கு உப்பு பகையா?

தென்னங்குழியில் உப்புப் போட்டு நடும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அது வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. செடிகளுக்குக் குளோரின் தேவை என்பது 1954ல் கலிபோர்னியாவில் நிறுவப்பட்டது. எண்ணெய்ப்பனைக்கும் தென்னைக்கும் அது சிறு அளவில் அல்லாமல் கணிசமாகவே வேண்டும் என்று 1971ல் ஒலான்யே, ஓக்ஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் தோப்புகளுக்குச் சாப்பாட்டு உப்பை உரமாகவே பரிந்துரைக்கிறது பிலிப்பைன்ஸ் தென்னை ஆணையம்.

அப்படியானால் நாமும் போடலாமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த நெட்டைத் தென்னைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு ஆண்டுக்குத் தழைச்சத்து 560 கிராம், மணிச்சத்து 320 கிராம், சாம்பல்சத்து 1,200 கிராம். சாம்பல்சத்துக்காக நாம் போடுவது 2 கிலோ பொட்டாஷ் உரம், அதாவது பொட்டாசியம் குளோரைடு. அதில் ஏறக்குறைய பாதி எடை குளோரைடு. முறையாகப் பொட்டாஷ் பெறும் மரம் ஆண்டுக்கு ஒரு கிலோ அளவு குளோரைடையும் சேர்த்தே பெறுகிறது. அதற்கு மேல் குழியில் உப்பைக் கொட்டுவது, களர் நிலத்தில், ஏற்கெனவே மிஞ்சிக் கிடக்கும் சோடியத்துக்கு மேலும் சோடியம் சேர்ப்பதாகவே முடியும். மரம் கேட்பது குளோரைடு. பழிக்கு ஆளாக வேண்டியது சோடியம்.

இந்த வேறுபாட்டை இரண்டு நிலப்பகுதிகள் தெளிவாகக் காட்டுகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் கரையோர வயல்களுக்குள் கடல் நீர் புகுந்தது. வயற்பயிர்கள் கருகிய இடங்களிலும் தென்னைகள் பெரும்பாலும் நின்றன. அடுத்து வந்த மழைகள் மணற்பாங்கான மண்ணிலிருந்து உப்பைக் கழுவிக்கொண்டு போயின. உவர் என்றால் நல்ல நீரும் வடிகாலும் போதும் என்பதற்கு அது நேரடிச் சான்று.

பசிபிக்கின் பவளத் தீவுகளில் நிலைமை வேறு. பிரெஞ்சுப் பொலினீசியாவின் துவாமோட்டு தீவுகளில் கடற்காற்றும் உப்பும் தென்னைக்குத் தொல்லை தருவதில்லை. சுண்ணாம்பே மண்ணாகக் கிடப்பதால் இரும்பும் மாங்கனீசும் கரைவதில்லை, இளம் தென்னைகள் வெளிறிப்போகின்றன. உப்பைத் தாங்கும் மரம் காரத்தில் பட்டினி கிடக்கிறது. மணிகண்டம் பக்கத்துத் தென்னம்பிள்ளையின் நிலைக்கு நாகப்பட்டினத்தை விடத் துவாமோட்டுதான் கிட்டத்து உறவு. ஒரு வேறுபாடு உண்டு: அங்கே மண் இறுகாது, இங்கே இறுகுகிறது.

கன்றின் முதல் இரண்டு ஆண்டுகள்

முதிர்ந்த மரத்தை விட இளங்கன்று ஏன் அதிகம் படுகிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. வேர்ப்பரப்பு சிறியது. அது இருக்கும் மேல்மண்ணில்தான் உப்பு ஏறி இறங்குகிறது. ஓரிடம் கெட்டால் வேறிடம் தேடிப்போகும் நீளம் வேருக்கு இன்னும் வரவில்லை.

தென்னைக்கு இதோடு ஒரு தனிக் காரணமும் உண்டு. முளைத்த தென்னை பல மாதங்கள் தன் விதைக்காயின் பருப்பைத் தின்றே வளர்கிறது. காய்க்குள் உருவாகும் தேங்காய்ப்பூ அந்தச் சேமிப்பை உறிஞ்சிக் கன்றுக்குக் கொடுக்கும் உறுப்பு. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதக் கன்றைத் தோப்பில் நட்ட பிறகும் கொஞ்ச காலம் இந்தக் கையிருப்பு உதவும். எனவே களர் நிலத்தில் நட்ட கன்று முதல் சில மாதங்கள் பச்சையாக நிற்பதைப் பார்த்து மண் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. கையிருப்பு தீர்ந்து வேர் தன் பிழைப்பைத் தானே பார்க்கத் தொடங்கும்போதுதான் மண்ணின் உண்மை தெரியும். அப்போது வரும் மஞ்சளை அந்தப் பருவத்து நோய் என்றோ பூச்சி என்றோ எடுத்துக்கொண்டு மருந்து தேடுகிறோம்.

மஞ்சளையும் படிக்கத் தெரிய வேண்டும். உப்பின் கேடு முதிர்ந்த மட்டைகளில் தொடங்கும். ஓலை நுனியும் ஓரமும் காய்ந்து உள்ளே பரவும். இரும்பு, மாங்கனீசுக் குறை புது ஓலையில் தொடங்கும். நரம்புகள் பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளிறும். போரான் குறைந்தால் புது ஓலை நுனி கொக்கிபோல வளையும், ஓலைகள் ஒட்டிக்கொண்டு குருத்து பிரியாமல் நெரியும். சாம்பல்சத்து, மக்னீசியக் குறைகள் மறுபடியும் அடிமட்டைகளில் தெரியும். அடிமட்டை கருகிய கன்றுக்குத் துத்தநாகம் கொடுப்பதும், குருத்து வெளிறிய கன்றுக்குத் தண்ணீரைக் கூட்டிக் கொடுப்பதும் நோய் ஒன்று, மருந்து ஒன்று என்ற கதைதான். தண்ணீர் தேங்கி நிற்கும் களரில் அந்த இரண்டாவது தவறு கன்றையே கொன்றுவிடும்.

போட்ட சத்து எங்கே போகிறது?

கார அமில நிலை ஒரு படி ஏறினால் மண் கரைசலில் துத்தநாகத்தின் கரைதிறன் நூறில் ஒன்றாகவும், இரும்பினுடையது ஆயிரத்தில் ஒன்றாகவும் குறையும் என்பது மண் வேதியியலின் அடிப்படைக் கணக்கு. 7ல் இருந்த மண் 9க்கு ஏறியிருந்தால் துத்தநாகம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிறது. இப்படிப்பட்ட மண்ணில் அன்னபேதியை, அதாவது இரும்பு சல்பேட்டை, கரைத்து ஊற்றினால், அது வேரைச் சேருமுன் துருவாக மாறிப் படிந்துவிடும். மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பதே அதுதானே. இருப்பது எட்டவில்லை. மேலும் போட்டதும் எட்டாது.

எட்டவைக்கும் வழிகள் நான்கு. முதலாவது, சத்தைத் தொழு உரத்தோடு கலந்து ஊறவைத்து இடுவது. மக்கும் பொருளிலிருந்து வரும் கரிம அமிலங்கள் துத்தநாகத்தைச் சூழ்ந்துகொண்டு மண்ணில் பூட்டப்படாமல் காக்கின்றன. செலவு குறைந்தது, எந்த விவசாயியும் செய்யக்கூடியது. இரண்டாவது, செலேட் உரங்கள். இதில் பெயரைப் பார்த்து வாங்க வேண்டும். இரும்பு ஈடிடிஏ கார அமில நிலை ஆறரை வரைதான் நிலைத்து நிற்கும். டிடிபிஏ ஏழரை வரை தாக்குப்பிடிக்கும். களரில் தாங்குவது ஈடிடிஎச்ஏ ஒன்றுதான். கடையில் மலிவாகக் கிடைக்கும் இரும்பு ஈடிடிஏவைக் களர் மண்ணில் ஊற்றுவது பணத்தை ஊற்றுவதற்குச் சமம்.

மூன்றாவது, இலைவழித் தெளிப்பு. அரை விழுக்காட்டுத் துத்தநாக சல்பேட் அல்லது அன்னபேதிக் கரைசல் இளங்கன்றின் ஓலையில் பட்டால் பச்சை திரும்பும். ஆனால் இரும்பு ஓர் ஓலையிலிருந்து அடுத்த ஓலைக்கு நகராது. புதிதாக வரும் குருத்து மறுபடி வெளிறியே வரும். முதலுதவி என்ற அளவில் அதைக் கொள்ளலாம். நான்காவது, வேர்வழி ஊட்டம். காய்க்கும் மரத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 200 மில்லி தென்னை டானிக்கை உறையில் ஊற்றி வேரில் கட்டும் முறை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தால் பரவியது. மண்ணையே தொடாமல் சத்து உள்ளே போவதால் களர் நிலத்துக்கு அது பொருந்தும். பென்சில் பருமன் வேர் தேவைப்படும் அந்த முறை வேரே பற்றாத கன்றுக்கு உதவாது.

உப்பு மண்ணில் நுண்ணூட்டத்துக்கு இன்னொரு பங்கும் உண்டு: உப்பின் கேட்டையே தணிப்பது. ஈரானில் பிஸ்தா நாற்றுகளை வைத்து இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள். 'பதாமி' என்ற ரகத்தின் நாற்றுகளில் நடந்து 2010ல் வெளியான ஓர் ஆய்வு, துத்தநாகம் உப்பின் கேட்டைத் தணிப்பதையும், இலைகளில் ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் நொதிகளின் வேலை கூடுவதையும் காட்டியது. துத்தநாகம் செல் சவ்வைக் காக்கிறது. சவ்வு கட்டுக்கோப்பாக இருந்தால் சோடியம் கண்டபடி உள்ளே நுழைவதில்லை. ஆகவே நுண்ணூட்டம் உப்புக்கு எதிராகப் பயன்படவே படாது என்று சொல்வதும் தவறு. ஆனால் இவை தொட்டியில் சில மாதங்கள் வளர்த்த நாற்றுகளில் நடந்தவை. தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது, நீர் வடிகிறது. நம் களர் நிலத்தில் இல்லாதது அந்த ஓட்டைதான். அறுபது ஆண்டு நிற்க வேண்டிய மரத்துக்கு அந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது.

போரான்: கவனமாகத் தொட வேண்டியது

எல்லா நுண்ணூட்டத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதில் ஒரு தவறு நேர்கிறது. துத்தநாகம் கொஞ்சம் கூடினால் பெரிய கேடு இல்லை. போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள வெளி மிகக் குறுகலானது. வறண்ட நிலப்பகுதிகளின் உப்பு மண்ணிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் போரான் இயல்பாகவே மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் பிஸ்தா பயிரிடுவோருக்கு உப்போடு சேர்ந்த தலைவலியே மிஞ்சிய போரான்தான்.

நம் பக்கத்தில் தென்னையின் பென்சில் முனைக் குறைபாட்டுக்குச் சொல்லப்படும் கலவையைப் பாருங்கள்: போராக்ஸ், துத்தநாக சல்பேட், மாங்கனீசு சல்பேட், அன்னபேதி, மயில்துத்தம் ஒவ்வொன்றும் 225 கிராம், அம்மோனியம் மாலிப்டேட் 10 கிராம், 10 லிட்டர் நீரில் கரைத்து 1.8 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் ஊற்ற வேண்டும். மொத்தம் ஒரு கிலோவுக்கு மேல் உப்பு. வளர்ந்த மரத்துக்கு, அகன்ற பாத்திக்கு வகுத்த அளவு இது. இரண்டு வருடக் கன்றின் அடியில் இதை அப்படியே ஊற்றினால் அது மருந்தாகாது, இன்னொரு உவர் நிலமாகும். பேரூட்டத்தைக் கன்றின் வயதுக்கு ஏற்பக் கால் பங்கு, அரை, முக்கால், பிறகு முழு அளவு என்று ஆண்டுதோறும் ஏற்றிப் போகச் சொல்கிறது பல்கலைக்கழகம். நுண்ணூட்டத்துக்கும் அந்த விகிதத்தைத் தாண்டாமல் இருப்பதே அறிவு. போராக்ஸைப் பொறுத்தவரை கொக்கி ஓலையோ நெரிந்த குருத்தோ தெரிந்தால், அல்லது மண் சோதனை சொன்னால் மட்டும் இட வேண்டும்.

முந்திரியும் பிற கொட்டை மரங்களும்

அரியலூர், புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் முந்திரி நன்றாக வருவதைப் பார்த்துக் களர் நிலத்தில் அதை முயல்வோர் உண்டு. வறட்சியைத் தாங்கும் மரம், உப்பையும் தாங்கும் என்பது அவர்கள் எண்ணம். பிரேசிலின் வடகிழக்கில் குட்டை முந்திரி நாற்றுகளுக்கு உவர் நீர் பாய்ச்சிச் சோதித்திருக்கிறார்கள். மிதமான உவரை நாற்று ஓரளவு தாங்குகிறது. ஆனால் நீர் தேங்குவதையும் இறுகிய அடிமண்ணையும் முந்திரி பொறுக்காது. அதன் ஆணிவேர் ஆழம் போக வேண்டும். களரின் அடியில் பல இடங்களில் சுக்கான் கல் படிந்த அடுக்கு அதைத் தடுத்துவிடும். தாங்கும் மரம் என்று பெயர் வாங்கியது எதைத் தாங்கும் என்று கேட்க வேண்டும்.

உலக அளவில் பார்த்தால் கொட்டை மரங்களுக்குள்ளேயே பெரிய இடைவெளி இருக்கிறது. மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977ல் தொகுத்த பட்டியலில் பாதாம் 1.5 டெசிசைமனிலேயே விளைச்சலை இழக்கத் தொடங்குகிறது; அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் 19 விழுக்காடு குறைகிறது. பிஸ்தா அதைவிடப் பல மடங்கு தாங்கும். தென்னையும் தாங்கும் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் இந்தப் பட்டியல்கள் எல்லாம் கரையும் உப்புக்கானவை, உவருக்கானவை. களர்த் தாங்குதிறனுக்கு அவற்றைச் சான்றாகக் காட்டக் கூடாது. முழுக் களரில் மரம்தான் வேண்டும் என்றால் நெல்லி, இலந்தை போன்றவை தென்னையை விடப் பொருத்தம்.

மண்ணைத் திருத்தும் வழி

களருக்கு மருந்து ஜிப்சம். அதிலுள்ள கால்சியம் களித் துகள் மேலிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தள்ளப்பட்ட சோடியம் சல்பேட்டாகி நீரில் கரைந்து நிற்கும். அதை வடித்து வெளியேற்ற வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் இடுவது பாதி வேலை. ஜிப்சம் இல்லாமல் நல்ல நீரை மட்டும் விட்டுக் கழுவுவது அதைவிட மோசம். கரைசலில் உப்பு குறையக் குறையச் சோடியக் களி இன்னும் உதிர்ந்து அடைத்துக்கொள்ளும். உவருக்கு வைத்தியமான கழுவல் களருக்கு வினையாவது இதனால்தான்.

திருச்சிக்காரர்கள் இந்த மருந்துக்கு ராஜஸ்தானைப் பார்க்க வேண்டியதில்லை என்பது ஒரு நல்ல செய்தி. பழைய திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்த காரை, ஊட்டத்தூர் பகுதியின் கிரெட்டேசியக் காலக் கடற்படிவுகளில் ஜிப்சம் நரம்புகளாக ஓடுகிறது. கடல் விட்டுப்போன கனிமம் இங்கேயே இருக்கிறது.

ஜிப்சத்தின் தேவை மண்ணுக்கு மண் மாறும். சோதனையில் வரும் ஜிப்சம் தேவையில் பாதியை இட்டால் போதும் என்பது தமிழ்நாட்டுப் பரிந்துரை. கூடவே தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதால் வேர் திறந்த வழிகளில் நீர் இறங்கும்; மக்கும்போது வரும் கரியமில வாயு மண்ணில் உறங்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியம் தரும். சாராய ஆலைக் கழிவு நீரை ஹெக்டேருக்கு 5 லட்சம் லிட்டர் ஒரே முறை பாய்ச்சிக் களரைத் திருத்தும் முறையையும் நாவலூர் குட்டப்பட்டு நிலையம் சோதித்துப் பரிந்துரைத்தது. அதை வெறும் நிலத்தில், பல வாரம் ஆறவிட்டுத்தான் செய்ய முடியும். கன்று நின்ற பிறகு இயலாது.

மரம் நடுவதற்கென்றே கர்னால் நிலையம் துளைக்குழி முறை ஒன்றை வகுத்தது. ஆறங்குல அகலத்தில் நான்கடிக்கு மேல் ஆழமாகத் துளையிட்டு, சுக்கான் அடுக்கை உடைத்து, எடுத்த மண்ணோடு 3 கிலோ ஜிப்சமும் 8 கிலோ தொழு உரமும் கலந்து நிரப்புவது. தென்னைக்கு இதை அப்படியே எடுக்க முடியாது. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. நார்வேர்கள் பக்கவாட்டில் பரவும். மூன்றடிக்கு மூன்றடிக் குழியை மட்டும் திருத்திச் சுற்றுமுற்றும் இறுகிய களியை விட்டுவைத்தால், குழி அடைபட்ட தொட்டிபோல நீரைத் தேக்கி வேரை அழுகவைக்கும். அப்படியே பிழைத்தாலும் இரண்டு மூன்று ஆண்டில் வேர் குழியைத் தாண்டித் திருத்தாத மண்ணுக்குள் நுழைந்ததும் மஞ்சள் திரும்பும். துளையால் அடி அடுக்கை உடைப்பதையும், குழிகளை வடிகால் வாய்க்காலோடு இணைப்பதையும், ஆண்டுதோறும் பாத்தியை அகட்டி ஜிப்சமும் தொழு உரமும் சேர்த்துக்கொண்டே போவதையும் ஒன்றாகச் செய்தால்தான் தென்னைக்கு அது பொருந்தும்.

தண்ணீரை மறந்தால் இத்தனையும் வீண். ஆழ்துளைக் கிணற்று நீரில் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சேர்ந்து கால்சியம், மக்னீசியத்தை விஞ்சி நிற்கும் அளவே எஞ்சிய சோடியம் கார்பனேட். அது லிட்டருக்கு 2.5 மில்லி சமானத்தைத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது. அத்தகைய நீர் திருத்திய மண்ணையும் மறுபடி களராக்கும். ஒரு லட்சம் லிட்டர் நீரில் இந்த அளவை ஓர் அலகு குறைக்க 8.6 கிலோ தூய ஜிப்சம் வேண்டும். ஜிப்சம் நிரப்பிய தொட்டி வழியாக நீரைப் பாயவிடுவது எளிய ஏற்பாடு.

அட்டை சொல்வதும் சொல்லாததும்

2015 பிப்ரவரியில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் பன்னிரண்டு அளவுகளைத் தருகிறது: கார அமில நிலை, மின்கடத்தும் திறன், கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான். ஐந்து நுண்ணூட்டங்கள் இருக்கின்றன. மாற்றுச் சோடியம் இல்லை. ஜிப்சம் தேவை இல்லை. ஆகவே களர் நில விவசாயியின் கையில் வரும் அட்டை துத்தநாகம் குறைவு என்று சொல்லும். ஏன் குறைவு என்று சொல்லாது. அவர் துத்தநாகம் வாங்கப் போவார்.

மாதிரி எடுக்கும் முறையும் மரத்துக்குப் பொருந்தவில்லை. பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேர் கட்டத்துக்கு ஒரு மாதிரி என்றுதான் திட்டம் வகுக்கப்பட்டது. களரோ திட்டுத் திட்டாக வரும். ஒரே வயலில் ஒரு மூலை விளையும், ஒரு மூலை வெறிச்சோடும். மாதிரியின் ஆழம் அரையடி சொச்சம். தென்னங்குழி மூன்றடி. நெல்லுக்கு வகுத்த சோதனையை வைத்துத் தோப்புப் போடுகிறோம்.

நுண்ணூட்டம் கிடைப்பதில் நமக்குக் குறை இல்லை. வேளாண்மைத் துறையின் நுண்ணூட்டக் கலவை தயாராவதே பக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில். வேளாண் விரிவாக்க மையங்களில் அது கிடைக்கிறது. ஜிப்சமும் அதே அளவு கைக்கெட்டும் இடத்தில், அதே அளவு வலியுறுத்தலோடு கிடைக்க வேண்டும்.

முடிவாக

கிடைத்திருக்கும் சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் தீர்ப்பு இதுதான். உவர் மண்ணில், நீர் வடியும் இடத்தில், நுண்ணூட்டம் இளங்கன்றுக்கு உண்மையாகவே துணை செய்கிறது. களர் மண்ணில் அது மண் திருத்தத்துக்குப் பிறகு வர வேண்டிய இரண்டாம் வேலை. வரிசை மாறினால் பலன் இல்லை.

தோப்புப் போட நினைப்பவர்கள் கன்று வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை சில. வயலின் நல்ல பகுதி, கெட்ட பகுதி இரண்டிலும் தனித்தனியாக ஓரடி, இரண்டடி, மூன்றடி ஆழ மண்ணை எடுங்கள். கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் பிடியுங்கள். கார அமில நிலை 8க்கு மேல் வந்தால் ஜிப்சம் தேவையைக் கணக்கிட்டுத் தரும்படி கேளுங்கள், கேட்டால்தான் செய்வார்கள். ஜிப்சம், வடிகால், தக்கைப்பூண்டு என ஒரு பருவத்தை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுக் கன்றை நடுங்கள். பிறகு தொழு உரத்தில் ஊறிய துத்தநாகத்தைக் கன்றின் வயதுக்குத் தக்க சிறு அளவில் கொடுங்கள். போராக்ஸை அறிகுறி தெரிந்தால் மட்டும் தொடுங்கள்.

வேளாண்மைத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். களர் பரவிய மணிகண்டம் போன்ற ஒன்றியங்களிலாவது, மண்வள அட்டையின் பன்னிரண்டு வரிகளோடு மாற்றுச் சோடியம், ஜிப்சம் தேவை என்ற இரண்டு வரிகளைச் சேர்த்துக் கொடுங்கள். அந்த இரண்டு வரியும் இல்லாமல் வாங்கும் நுண்ணூட்டப் பொட்டலத்தின் விலையை விவசாயிதான் கட்டுகிறார்.